மிளகாய் உரித்த கை

ருமேனா அக்காவுக்கு அறுபத்திரண்டு வயதில்தான் முதல் பாஸ்போர்ட் வந்தது. வாங்கிய அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்கு வந்தார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மெழுகுத்திரி ஏற்றிவிட்டு, அந்தக் கருஞ்சிவப்புப் புத்தகத்தை மாதா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்க அக்கா, ஊர்சுத்தக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வியன்னாவுக்குடி. தாலிபோருக்குக் குழந்தை பொறக்கப் போகுது. நான்தானே கூமா."

கூமா என்றால் ஞானத்தாய். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி, அதற்காக ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்து, பேரும் வைப்பவர். எங்கள் ஊரான லெஸ்கொவாட்ஸ் பக்கத்தில் உடன்பிறந்தவர்களோடு வரப்புச் சண்டை போட்டு ஜென்மத்துக்கும் பேசாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூமாவோடு சண்டை போட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. அந்த உறவு வீட்டுக்கு வீடு வருவது. ருமேனா அக்காவின் மாமனார்தான் தாலிபோரின் அப்பாவை ஏந்தினார். அக்காவின் கணவர் ஸ்தானிமிர் தாலிபோரை ஏந்தினார். ஸ்தானிமிர் இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. அந்த வீட்டில் மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான்.

இளம் வயதில் அவர் எங்கள் ஊர் துணி ஆலையில் நூல் சுற்றும் வேலை பார்த்தார். ஆலை மூடியபோது நிறையப் பேர் வெளிநாடு போனார்கள். அக்கா போகவில்லை. "எனக்கு என்ன தெரியும் அங்க போய்?" என்று மிளகாய் உரிக்க உட்கார்ந்தவர்தான். செப்டம்பர் வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அடுப்பு முற்றத்துக்கு வந்துவிடும். நீளமான சிவப்புக் குடமிளகாயைத் தோல் கருகும்வரை சுட்டு, பாத்திரத்தில் மூடிவைத்து, சூடு ஆறுமுன் தோலை உரித்து, அரைத்து, எண்ணெயில் கிண்டிக் கிண்டி ஐவார் என்ற தொக்கு செய்து புட்டியில் அடைப்போம். கிண்டுவதற்கு ஆள் கிடைக்கும். உரிப்பதற்குத்தான் கிடைக்காது. ஊரில் பாதி வீட்டு மிளகாயை உரித்தது அக்காதான். கையுறை போடச் சொன்னால் கேட்கமாட்டார். "உறை போட்டா தோல் எங்க ஒட்டியிருக்குன்னு விரலுக்குத் தெரியாது" என்பார். அக்டோபர் முடியும்போது அவர் விரல் நுனி கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். நகத்தைச் சுற்றிக் கருப்பு ஏறியிருக்கும். குளிர்காலத்தில் புதுத்தோல் வரும். அடுத்த வருஷம் மறுபடி போகும்.

ஞானஸ்நானம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை என்று தாலிபோர் போன் செய்தான். வியன்னாவில் எங்கள் கோயிலில் கூட்டம் அதிகம், அந்த நாள் கிடைத்ததே பெரிது. வெள்ளிக்கிழமை காலையில் புறப்படும் பஸ்ஸில் அக்காவும் நானும் இடம் பிடித்தோம். என் தங்கை அங்கே இருக்கிறாள், நான் இரண்டொரு தடவை போய்வந்தவள். அக்கா கடைசி நாள்வரை மிளகாய் உரித்தார். வியன்னாவுக்கு வெறுங்கையோடா போவது? கிளம்பும் அன்று எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அதில் விரலில் மிச்சமிருந்த கொஞ்சம் ரேகையும் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

எங்கள் நாட்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கத்து நாடுகளுக்குப் போக விசா வேண்டாம் என்றாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆறு மாதத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம். ஆனால் விசா வேண்டாம் என்பதாலேயே கேள்வி கேட்கமாட்டார்கள் என்றில்லை. ஹங்கேரி எல்லை நெருங்கியதும் டிரைவர் ரடோமிர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு எழுந்து நின்றார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எதுக்குப் போறேன்னு கேட்டா, சுத்திப் பாக்கப் போறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. சொந்தக்காரங்கன்னு வாயத் திறந்தீங்கன்னா அழைப்புக் கடிதம் எங்கேம்பான். வேலைன்னு சொன்னீங்கன்னா நேரா வீட்டுக்குத்தான். அப்புறம், கறி, பாலாடைக்கட்டி உள்ள விடமாட்டான், வெச்சிருக்கவங்க இங்கயே தின்னு முடிச்சிருங்க. தோமா, நீ போன தடவை வெச்சிருந்த பன்றி உப்புக்கண்டம் எங்க?"

"அதான் மெல்லுறேன் பாருங்க," என்றார் பின்சீட்டிலிருந்த தோமா, வாய் நிறைய.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா தோமா? நோன்பு நாளாச்சே!" என்று அக்கா திரும்பிப் பார்த்தார்.

"குப்பையில போட்டா அதுவும் பாவந்தானே அத்தை? ரெண்டு பாவத்துல ருசியான பாவமாப் பாத்து எடுத்துக்கிட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மெதுவாக என் காதில் சொன்னார்: "சுத்திப் பாக்கப் போறேன், சுத்திப் பாக்கப் போறேன். சரியாச் சொல்றேனாடி?"

எல்லையில் புதிதாக ஒரு முறை வந்திருந்தது. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். இப்போது முகத்தைப் படம் பிடித்து, கண்ணாடித் தட்டில் நான்கு விரலையும் வைக்கச் சொல்கிறார்கள். நாங்கள் வரிசையாக வைத்தோம். எனக்குப் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பின்னால் அக்கா.

சிவப்பு.

கண்ணாடிக்குள் இருந்த அதிகாரி இளைஞர், மூக்குக்கண்ணாடி போட்டவர். எங்கள் மொழி நன்றாகவே பேசினார். "அழுத்தி வைங்கம்மா" என்றார். மறுபடி சிவப்பு. இடது கை வைக்கச் சொன்னார். அதுவும் சிவப்பு. ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். அக்கா விரலைத் துடைத்தார், ஊதினார், பாவாடையில் தேய்த்தார். எதுவும் விழவில்லை.

"சரி, இருக்கட்டும். எதுக்குப் போறீங்க?"

"சுத்திப் பாக்கப் போறேன்."

"நல்லது. எங்க தங்குறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"ஓட்டல் பேரு என்னம்மா?"

அதற்கு ரடோமிர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்காவுக்கு ஒரு பொய்யைத் தொடங்கத் தெரிந்ததே தவிர, நடத்தத் தெரியவில்லை. முகம் சிவக்க, விரலை மறுபடி பாவாடையில் தேய்த்தார். ரேகையும் விழவில்லை, தங்கும் இடமும் தெரியவில்லை, ஆனால் ஊர் சுற்றப் போகிறாராம். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார். நான் அவரையும் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போனது.

"யாரு அந்தம்மா? எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?" என்று ரடோமிர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்டா போனா வியன்னாவுல நிறுத்த இடம் தரமாட்டான். திருப்பி அனுப்புனா நம்ம ஊர்ப் பக்கம் போற ஏதாவது வண்டியில ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க. பையை இறக்கிருவோம்."

பின்னாலிருந்து ஒருவர், "நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்பா" என்றார்.

நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். மனதுக்குள் பரலோக மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே எழுந்தேன். "ஐயா, கொஞ்சம் பொறுங்க. அவங்க கூமாவாப் போறாங்க. நாளைக்குக் காலைல ஞானஸ்நானம்."

ரடோமிர் திரும்பினார். "என்னது?"

"கூமாவாப் போறாங்கய்யா. மூணு தலைமுறையா அந்த வீட்டுக்கு இவங்கதான். இவங்க வரலைன்னா குழந்தையோட தாய்மாமன் ஏந்திருவான். அப்புறம் அந்த உறவு அவன் வீட்டுக்குப் போயிரும்."

ரடோமிர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

"ஏம்மா, கூமான்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்கதானேய்யா சுத்திப் பாக்கப் போறோம்னு மட்டும் சொல்லச் சொன்னீங்க?"

"நல்லா மாட்டுனீங்களா!" என்றார் தோமா பின்னாலிருந்து. "கூமாவ நடுரோட்டுல இறக்கிவிட்ட டிரைவர்னு பேரு வாங்கிக்குங்க. உங்க பேரப்புள்ளைக்குக் கூமா கிடைக்காது, நான் எழுதித் தர்றேன்."

"வாய மூடுடா உப்புக்கண்டம்!" என்று கத்திவிட்டு, ரடோமிர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வேலைக்குப் போகணும் என்றவரும் இறங்கி, சிகரெட் பற்றவைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். இனி அவசரமில்லை என்று அர்த்தம்.

நானும் ரடோமிரின் பின்னால் போனேன். ஜன்னலருகே அவர் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "சார், தப்பு என்னுது. அந்தம்மாவை அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அவங்க ஞானஸ்நானத்துக்குப் போறாங்க."

அதிகாரி அவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லாருக்குமே அப்படித்தான் சொல்லிக் கொடுக்குறீங்களா?"

ரடோமிர் மீசையைத் தடவினார்.

அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். "அம்மா, இப்ப நீங்களே சொல்லுங்க. எதுக்குப் போறீங்க?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மாமனாரிலிருந்து தொடங்கினார். ஸ்தானிமிர் இறந்தது, தாலிபோர் கல்யாணம், குழந்தை பிறந்தது, விரலில் மிளகாய்த் தோல், எலுமிச்சம்பழம்வரை வந்தார். "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க தம்பி. நான் நாளைக்குச் சாத்தானை வேண்டாம்னு சொல்லப் போறவ. இன்னைக்கு இப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. தாலிபோரின் எண்ணை வாங்கிப் போன் செய்தார். ஜன்னலை மூடிக்கொண்டு நீண்ட நேரம் பேசினார். பிறகு அக்காவின் விரல்களைத் தூக்கிப் பார்த்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இதுல ரேகை விழாது. புதுத்தோல் வரணும்" என்று சொல்லி, முகப் படத்தை மட்டும் எடுத்து, விரல் இப்போது பதியவில்லை என்று குறித்துக்கொண்டார்.

"எப்ப திரும்புவீங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமை, இதே பஸ். இன்னும் ஒரு மூட்டை மிளகாய் பாக்கி கிடக்கு."

"சரி, போயிட்டு வாங்கம்மா."

அக்கா பஸ்ஸில் ஏறியபோது யாரும் கை தட்டவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் முன்சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். ரடோமிர், "உக்காருங்க கூமா" என்றார். வியன்னாவரை அவருக்கு எல்லாரும் கூமாதான்.

தாலிபோர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். அக்காவின் கையை முத்தமிட்டதும் முதலில் சொன்னது இதுதான்: "கூமா, அந்த ஆளுக்கு விளக்கிச் சொல்றதுக்குள்ள உயிர் போச்சு. சொந்தமான்னு கேட்டான், இல்லேன்னேன். சிநேகிதமான்னான், இல்லேன்னேன். அப்புறம் யாருதான்யான்னான். அவங்க வரலைன்னா என் குழந்தைக்கு நாளைக்குப் பேரே கிடையாதுன்னேன். சரி சரி, அனுப்பிடுறேன்னு வெச்சிட்டான்."

"பேரில்லாமலா? அப்படியெல்லாம் சொல்லாதடா, வாய்ல வரக் கூடாது," என்று அக்கா தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் கோயிலில் நானும் இருந்தேன். அக்கா குழந்தைக்காக மேற்கே திரும்பிச் சாத்தானை மறுத்தார், மூன்று முறையும் உரக்க. பாதிரியார் குழந்தையைத் தண்ணீரில் மூன்று தரம் முக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். என்ன அழுகை அது! விசுவாசப் பிரமாணம் சொல்லும் முறை வந்தபோதும் நிற்கவில்லை. தாலிபோரின் மனைவி இவோனா பால் புட்டியோடு முன்னால் வந்தாள். அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த அழுகைக்கு மேலே குரலை உயர்த்தி, தொடக்கத்திலிருந்து கடைசி ஆமென்வரை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார்.

வெளியே வந்ததும் இவோனா கேட்டாள்: "இப்படி அழுதுட்டாளே கூமா, கெட்ட சகுனமா?"

"போடி பைத்தியக்காரி. ஆண்டவருக்கு எங்க ரெண்டு பேர் குரலும் கேட்டுச்சு," என்றார் அக்கா. குழந்தை அவர் தோளில் இன்னும் விக்கிக்கொண்டிருந்தது.