தம்பி கழற்றிக் கொடுத்த மணிக்கூடு

சாவகச்சேரி பஸ் நிலையத்தில் வான்களுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிற பரமலிங்கத்தாரைத் தெரியாதவர்கள் தென்மராட்சியில் குறைவு. மினிபஸ் வான்காரரின் சங்கம் அந்த வேலைக்கு அமர்த்திய ஆள். எந்த வான் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று சொல்வது, முந்தி ஓடப் பார்க்கிறவனை மறிப்பது, பிந்தி வந்தவனுக்குத் தண்டம் போடுவது இவைதான் அவர் வேலை. கேட்க இலேசாக இருக்கும். ஒரு நிமிஷத்துக்காக மனிதர்கள் எப்படிச் சேட்டுக் கொலரைப் பிடிப்பார்கள் என்பது அந்த நிலையத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால்தான் விளங்கும். சாரதி கத்துவான், நடத்துநர் பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணுவான். பரமலிங்கத்தார் குரலை உயர்த்தமாட்டார். "உனக்கு இன்னும் மூண்டு நிமிஷம் கிடக்கு, போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வா" என்பார். அதற்குமேல் மறுகதை கிடையாது. கள்ள நிமிஷம் வாங்கவும் விற்கவும் தெரியாத மனுசன் என்று வான்காரர்களே சொல்லுவார்கள்.

வீடு மட்டுவிலில். பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி பாலேஸ்வரியும்தான். பிள்ளையில்லாத குறை பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் தம்பி மயூரதன். தகப்பன் செத்தபோது அவனுக்கு எட்டு வயது, இவருக்கு இருபது. அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் பாரில் ஏற்றிப் போனதும், அம்மை கண்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்ததும் அண்ணன்தான். பிறகு ஊர் கெட்டுப்போன காலத்தில் ஓர் ஏஜென்சிக்காரன் ஓர் ஆளை மட்டும் சுவிசுக்கு அனுப்ப வழி வைத்திருந்தான். போக இருந்தவர் பரமலிங்கத்தார். கடைசி நேரத்தில் மனம் கேட்கவில்லை. "இவன் இஞ்சை நிண்டால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்று தம்பியை அனுப்பிவிட்டுத் தான் நின்றுகொண்டார். பாலேஸ்வரி கையில் கிடந்த காப்புகளைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் அதற்கு முகம் சுளித்ததில்லை, பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டியதுமில்லை.

மயூரதன் அங்கே வேலை எடுத்தான், தயாளினியைக் கட்டினான், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போனான்.

வெளிநாட்டுக்காரர் தந்த சாமானை அவர்கள் திரும்பி வரும்போது கண்ணில் படும்படி வைப்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். தந்த சேட்டைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நிற்க வேண்டும். வருஷம் முழுக்க அலுமாரிக்குள் கிடந்த கம்பளிப் போர்வை, வெயில் கொளுத்துகிற ஆவணியிலும் கட்டிலில் விரிபடும். மயூரதன் ஒருதரம் கொண்டுவந்த கோப்பி மெஷினுக்கு எந்தப் பக்கத்தால் தண்ணீர் விடுவதென்றே பாலேஸ்வரிக்குத் தெரியாது. ஆனாலும் அவன் வருகிற கிழமை அது தூசி துடைபட்டு மேசையில் ஏறிக் குந்தியிருக்கும். "தந்தவன்ரை மனம் நோகப்படாது" என்பார் பரமலிங்கத்தார். இந்த நல்ல குணம்தான் அவரைக் கவிழ்த்தது.

போன வருஷத்துக்கு முதல் வருஷம் மயூரதன் தனியாக வந்திருந்தான். திரும்பிப் போகிற அன்று காலை கிணற்றடியில் குளித்துவிட்டு நின்றவன் அண்ணனின் கையைப் பார்த்தான். வார் அறுந்து நைலோன் நூலால் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடு. ஊருக்கே நேரம் சொல்லுகிற கையில் இப்படி ஒன்றா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. கிணற்றுக்கட்டில் கழற்றி வைத்திருந்த தன் மணிக்கூட்டை எடுத்து, அண்ணனின் கையைப் பிடித்து, தானே கொழுவிவிட்டான்.

"என்னடா செய்யிறாய்? உது விலை கூடினதல்லோ. எனக்கு என்னத்துக்கு?"

"பேசாம இருங்கோ அண்ணை. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை நான் வேறை ஆருக்குச் செய்யிறது? கழட்டப்படாது, சொல்லிப்போட்டன்."

சொல்லும்போதே அழுதுவிட்டான். அந்த அழுகை பொய்யில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முகத்தைத் துவாயால் துடைத்துவிட்டு, "அண்ணிக்கு இப்ப சொல்ல வேண்டாம், திருப்பிக் குடுக்கச் சொல்லிச் சண்டைக்கு வருவா. நான் பிளேன் ஏறினாப்பிறகு சொல்லுங்கோ" என்றான். பாலேஸ்வரி அப்போது குசினிக்குள் அவன் கொண்டுபோக மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பஸ் நிலையத்தில் அதுதான் கதை. மூன்று வான் வைத்திருக்கிற கந்தப்பு, பரமலிங்கத்தாரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மணிக்கூட்டில் இருந்த பெயரைப் போனில் தட்டி விலையைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே போதிய விளம்பரம் உண்டு.

"பரமலிங்கம், உன்ரை கையிலை கிடக்கிறது மணிக்கூடில்லை, ஒரு வான். நாலு ரயரோடை."

"விசர்க்கதை கதையாதை."

"மெய்யாத்தான் சொல்லுறன். வித்துப்போட்டு வா, நானே நல்ல வண்டி ஒண்டு பாத்து எடுத்துத் தாறன். உது என்ன, மற்ற மணிக்கூட்டை விடக் கூட நேரம் காட்டுதே?"

கூட நேரம் காட்டவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பிந்தியது. கந்தப்பு தன் போனோடு ஒத்துப்பார்த்து அதையும் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பற்றரி இல்லாத சாதி அது, கை ஆடினால்தான் ஓடும், கழற்றி வைத்தால் நின்றுபோகும். நின்றுவிடுமோ என்று பரமலிங்கத்தார் படுக்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டு படுத்தார். "எனக்குக் காய்ச்சல் வந்தநேரம்கூட இப்பிடிப் பாக்கேல்லை" என்று பாலேஸ்வரி நக்கலடித்தாள். வான்களுக்கு நேரம் போடும்போது அவர் பார்த்தது போனைத்தான்.

தேத்தண்ணிக் கடையில் இதைப் பற்றிப் பெரிய வழக்கே நடந்தது. இவ்வளவு காசைக் கொட்டி ஒருவன் இதைக் கட்டலாமா? வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், தங்கம் மாதிரி இதுவும் ஒரு முதல்தான் என்றார். பக்கத்தில் நின்ற நடத்துநர் ஒருவன், விசர் முற்றினால் ஆஸ்பத்திரிக்கு அல்லவோ போக வேண்டும் என்றான். "உது நேரம் பாக்கக் கட்டுறதில்லை, மற்றவன் தன்னைப் பாக்கக் கட்டுறது" என்று கந்தப்பு தீர்ப்புச் சொன்னார். பரமலிங்கத்தாருக்கு இந்தக் கணக்கு ஒன்றும் ஏறவில்லை. "விலை கிடக்கட்டும். என்ரை தம்பி தன்ரை கையாலை கழட்டிப் போட்டது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

போனில் கதைக்கும்போது மயூரதன் ஒரே புத்திமதி சொல்லுவான். "கனபேருக்குச் சொல்லாதேங்கோ அண்ணை, கள்ளர் கூடிப்போச்சு." பாலேஸ்வரி நன்றி சொல்ல வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவான். செய்ததைச் சொல்லிக் காட்டாத பிள்ளை என்று இருவரும் பூரித்துப்போனார்கள்.

இந்த வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்குத் தயாளினியோடு வருகிறேன் என்றான். வெளிக்கிட முதல் மறுபடியும் எடுத்தான். "மணிக்கூட்டை அலுமாரிக்கை வைச்சுப் பூட்டுங்கோ. வீட்டுக்கு ஆக்கள் வந்து போற நேரம்."

அவர்கள் வருகிற அன்று காலை, தம்பி தந்த நீலச் சேட்டைப் போட்டு, மணிக்கூட்டையும் கட்டிக்கொண்டு பரமலிங்கத்தார் வெளியே வந்தார்.

"அவர் பூட்டி வைக்கச் சொன்னவரல்லோ?" என்றாள் பாலேஸ்வரி.

"அவன் கூச்சத்திலை சொல்லுறான். வெறுங்கையோடை வாசல்லை நிண்டா வித்துப்போட்டம் எண்டு நினைக்கமாட்டானே?"

அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், கதிரைகளில் அமர்ந்தார்கள். பாலேஸ்வரி தேத்தண்ணியை ஊற்றி வைக்க, பரமலிங்கத்தார் தானே தட்டத்தை எடுத்துப்போய்த் தயாளினியிடம் நீட்டினார். கோப்பையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

"அத்தான், உந்த மணிக்கூடு உங்களுக்கு எங்கையிருந்து வந்தது?"

பரமலிங்கத்தார் சிரித்தபடி தம்பியைப் பார்த்தார். சொல்லுகிற உரிமை தந்தவனுக்குத்தானே என்று விட்டுக்கொடுத்தார். மயூரதன் மேசையில் இருந்த கோப்பி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நான் வாங்கினது" என்றாள் தயாளினி. குரல் உயரவில்லை. "இவரின்ரை அம்பதாவது பிறந்தநாளுக்கு. ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்திலை இரவு வேலை செய்து, வருஷக்கணக்காச் சேத்து வாங்கினனான். கிணத்துக்கட்டிலை வைச்சிட்டுக் குளிச்சன், ஆரோ எடுத்திட்டினம் எண்டு இவர் வந்து சொன்னவர். நான் வெளியாள் ஆரோ எண்டுதான் நினைச்சன்."

பரமலிங்கத்தாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோதும் அவர் பதறவில்லை. தம்பி இப்போது வாயைத் திறப்பான், பெண்சாதிக்குப் பயந்து ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்பான், நாலு பேச்சு வாங்குவான், பிறகு எல்லாரும் சிரிப்போம் என்றே நினைத்தார். தட்டத்தைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை" என்றான் மயூரதன், நிலத்தைப் பார்த்து. "ஆசையா இருந்தா ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. நான் இல்லையெண்டு சொல்லியிருப்பனே?"

கட்டின பெண்சாதியிடம் ஓர் உண்மையைச் சொல்ல அவனுக்குத் துணிவு இல்லை. வளர்த்த அண்ணனைக் கள்ளனாக்க மட்டும் துணிவு வந்தது. இப்படி ஒரு கோழையைச் சைக்கிள் பாரில் ஏற்றித் திரிந்தோமே என்று பரமலிங்கத்தாரின் நெஞ்சு எரிந்தது.

"மயூரதன், என்ரை முகத்தைப் பார். கிணத்தடியிலை என்ன சொன்னனீ?"

"விடுங்கோ அண்ணை, முடிஞ்ச கதையை என்னத்துக்கு? நான் ஒண்டும் கோவிக்கேல்லை."

பாலேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே பாய்ச்சலில் நடுவுக்கு வந்தாள். "ஆரைத் தம்பி கள்ளன் எண்டுறீர்? உமக்காகப் போகாம நிண்ட மனுசனையோ? உம்முடைய வாய் அழுகிப்போம்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியடிக்கு வந்துவிட்டார்கள்.

"அக்கா, சண்டை வேண்டாம்" என்றாள் தயாளினி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "நான் திருப்பிக் கேக்கேல்லை. அத்தான் வைச்சிருக்கட்டும். எங்கடை ஆள்தானே."

அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள். அதைத்தான் பரமலிங்கத்தாரால் தாங்க முடியவில்லை. அவளில் பிழை சொல்வதற்கில்லை, அவளையும் அல்லவா அவன் ஏமாற்றியிருக்கிறான். இரவிரவாக யாருடையவோ படுக்கை விரிப்புகளைத் தோய்த்த கை அது. அவர் மணிக்கூட்டைக் கழற்றித் தட்டத்தில் வைத்தார். மயூரதன் அதை எடுத்தான், கையில் கட்டாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தயாளினியின் தமக்கை வீடு சுன்னாகத்தில். அங்கே தங்கப்போவதாகச் சொல்லி, திறக்காத பெட்டிகளைத் திரும்ப வாகனத்தில் ஏற்றினார்கள். பாலேஸ்வரி வழியனுப்ப வரவில்லை, குசினிக்குள் போய்விட்டாள். கேற்றடியில் மயூரதன் மட்டும் இரண்டடி திரும்பி வந்தான்.

"அண்ணை, அவளுக்கு முன்னாலை நான் வேறை என்ன செய்யிறது? எனக்குத் தெரியும், நீங்கள் விளங்கிக்கொள்ளுவீங்கள். உங்களுக்கு வேறையொண்டு வாங்கி அனுப்பிவிடுறன்."

"கேற்றைச் சாத்திப்போட்டுப் போ" என்றார் பரமலிங்கத்தார்.

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். குசினியில் பாலேஸ்வரி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே மயூரதனைப் பேசிக்கொண்டிருந்தாள். நன்றி கெட்டவன், விளங்கமாட்டான், இந்த வாசல் இனி மிதிக்கட்டும் பார்ப்போம். அவள் பேசப் பேச அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஓர் ஆளாவது தன்னோடு நிற்கிறது என்று நினைத்துக் கண்ணை மூடினார். பிறகு பேச்சு நின்றது. தண்ணீர்ச் சத்தமும் நின்றது. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ."

"என்ன?"

"கோவிக்காதேங்கோ. நான் அண்டைக்குக் குசினிக்கை நிண்டிட்டன், ஒண்டும் காணேல்லை. தம்பி தன்ரை கையாலைதானே தந்தவர்?"

பரமலிங்கத்தார் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. இவர் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டால் போதும் என்கிற பயம்தான் இருந்தது.

"ஓம்" என்றார்.

அவள் போகவில்லை. இன்னும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் இன்னொரு தரம் "ஓம்" என்றார்.