துரிசு தின்னாத நாசில்

எழுபத்தெட்டில் போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் யோசேப்பு. ஏலத்தோட்டங்களிலிருந்து வரும் பம்புகளில் முக்கால்வாசிக்கு ஒரே நோய். துரிசு என்ற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, அதைப் பீய்ச்சும் பித்தளை நாசிலின் துளையை அரித்து அகலமாக்கிவிடும். அப்புறம் மருந்து புகையாகப் பரவாது, ஒழுகும். குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மருந்தடிக்கும் மாசானத்தின் விரலிடுக்குகள் வெந்து உரிந்திருந்தன.

“பீங்கான்ல நாசில் வருதாமேண்ணே, தேயவே தேயாதாம்” என்றார் மாசானம்.

வந்தது. விலைதான் எட்டவில்லை. சுட்டு இறுகிய அலுமினாப் பீங்கானை வைரச் சக்கரம்தான் கடையும். நாசிலுக்குள்ளோ மருந்தைச் சுழற்றிவிடும் சாய்ந்த பள்ளங்கள். சுடுவதற்கு முன்பே முழு உருவத்தையும் வார்த்துவிட்டால் கடைசல் கூலி மிச்சமாகுமே என்று யோசேப்புக்குத் தோன்றியது.

அலுமினாப் பொடியை உருக்கிய மெழுகில் குழைத்து இரும்பு அச்சில் அழுத்தினார். உருவம் அழகாக வந்தது. அடுப்பில் வைத்ததும் மெழுகு கொதித்து வெளியேறி எல்லாம் வெடித்தன. இரண்டு வருஷம் அதே கதை. பகலில் பம்பு வேலை, சாயங்காலம் அடுப்பு. வீடெல்லாம் மெழுகு நாற்றம்.

“இந்தச் சோலிய விட்ருங்க. ஆளே பாதியாயிட்டீங்க” என்றார் மனைவி ரெபேக்காள்.

“விட்ரலாம்னுதான் இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே எழுந்தவர் மெழுகுச் சட்டியைத் தட்டிவிட்டார். ரெபேக்காள் அலுப்போடு அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் போட்டார். சாம்பல் மெழுகை மெல்லக் குடித்தது. யோசேப்பு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வார்த்த உருவங்களைக் காய்ந்த அலுமினாப் பொடிக்குள் புதைத்து, சூட்டை மெதுவாக ஏற்றினார். மெழுகு பொடிக்குள் இறங்கியது. எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் துண்டுகள் சாக்பீஸ் போல நொறுங்கின. இறுகச் சுடுவதற்காக அவற்றைப் பஞ்சில் பொதிந்து, மடியில் வைத்து, பஸ்ஸில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய உலைக்குக் கொண்டுபோனார். பாதி வழியிலேயே உடைந்தன. மிஞ்சியவை உலையில் சுருங்கி, துளை குறுகிவிட்டது. சுருக்கத்துக்கு ஈடாக அச்சைப் பெரிதாக வெட்டி மறுபடியும் தொடங்கினார். தலை நரைத்துவிட்டது. கடைசியில் சரியாக வந்த முதல் நாசிலை மாசானத்தின் பம்பில் மாட்டிவிட்டார்.

எண்பத்துமூன்றில் ஒருநாள் மாசானம் அவரைத் தோட்டத்துக்கே வரச்சொன்னார். பம்பை அடித்துக் காட்டினார். ஏலத்தட்டைகளின் மேல் மருந்து பனிபோல இறங்கியது.

“ரெண்டு மழைக்காலம் ஓடிருச்சுண்ணே. துளை அப்படியே இருக்கு. எஸ்டேட்டுல எல்லாப் பம்புக்கும் இதத்தான் கேக்குறாக.”

சந்தோஷப்பட வேண்டும் என்று யோசேப்புக்குத் தெரிந்தது. வெறும் அசதிதான் வந்தது. “செஞ்சு தர்றேன்” என்று மட்டும் சொன்னார்.

இறங்கும் ஜீப்பில் ஏலக்காய் மூட்டையில் சாய்ந்தவர் முதல் வளைவிலேயே தூங்கிப்போனார். போடியில் ஓட்டுநர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.