பக்கத்து சீட்டுப் பிரேக்

என் அக்காவுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் சும்மா இருக்காது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். அந்தக் காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் அவளுக்கு ஒரு பிரேக். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பாள். அவள் கணவர், என் மாமா, ஏணியில் ஏறினாலும் மிதிப்பாள். ஸ்கூலில் அவளுக்குப் பட்டப்பெயர் பிரேக் மேடம்.

நானும் அவளிடம்தான் கற்றுக்கொள்ளப் போனேன். நான் மிதிப்பதற்கு முன்பே வண்டி நின்றிருக்கும். ஒரு தெருமுனையில்கூடச் சொந்தமாகத் திரும்பியதில்லை. வெறுத்துப்போய் வேறொரு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் அவள் படு கறார். தன் கால் பிரேக்கில் படாமல் ஒருவர் பாடம் முழுவதையும் ஓட்டி முடித்தால்தான் டெஸ்டுக்கு அனுப்புவாள். லேசாகத் தொட்டிருந்தாலும் போச்சு. "நான் பிரேக் போட்டிருந்தா, அவர் ஓட்டினதா எப்படிச் சொல்றது?" என்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவளுக்குக் கண் அழுத்தம் வந்தது. வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும் நோய். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. பக்கவாட்டில் வரும் சைக்கிளைப் பார்க்க முடியாதவளுக்கு அந்த சீட்டில் என்ன வேலை? அந்த வேலை போனால் அக்கா என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சொட்டு மருந்து கொடுத்தார்கள். கண் பக்கம் யார் கையையும் விடமாட்டாள். "நான் போட்டு விடட்டுமா?" என்று மாமா பாட்டிலைத் தொட்டாலே சண்டை. பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு தானே போட்டுக்கொள்வாள். வேளை தவறியதில்லை. அப்படியும் அழுத்தம் குறையவில்லை. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்க, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னிடம் பொரிந்து தள்ளுவாள். "பொய் சொல்ல நான் என்ன சின்னப் புள்ளையாடா?"

கடைசியில் டாக்டரம்மா, "சொட்டு மருந்துல கண்ணுக்குள்ள இறங்குறதே கொஞ்சம்தாங்க. மிச்சமெல்லாம் கண்ணீரோட போயிடும். அதனாலதான் இப்ப வேற வழியெல்லாம் வருது," என்றார். மருந்தைப் பிடித்து வைத்துக் கசியவிடும் கான்டாக்ட் லென்ஸ், கண்ணீர் வடியும் துவாரத்தில் வைக்கும் சின்ன அடைப்பான் என்று என்னென்னவோ சொன்னார். அக்காவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது நொய்யரிசியைவிடச் சின்னதாக ஒரு துகள். ஊசி வழியாகக் கண்ணுக்குள் வைத்துவிட்டால், மாதக்கணக்கில் மருந்தைத் தானே விட்டுக்கொண்டிருந்து கரைந்துபோகுமாம்.

"முதல்ல வலது கண்ணுல வைப்போம். அதுக்கு இனிமே சொட்டு வேண்டாம். இடதுக்கு வழக்கம்போல போடுங்க. வலது நல்லா வந்துச்சுன்னா இடதுலயும் வெச்சிடலாம்."

"அப்ப வலது கண்ணுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அக்காவுக்கு இதைவிடக் கொடுமையான வைத்தியத்தை யாரும் சொன்னதில்லை.

வைத்துக்கொண்டு வந்த பிறகு வீடு வீடாக இல்லை. கண்ணாடி முன்னால் நின்று இமையை விரித்துத் துகளைத் தேடுவாள். "உள்ள இருக்கா, வேலை செய்யுதா, யாருடா பார்த்தா?" ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் கையை நீட்டி விரலை ஆட்டி, தெரிகிறதா என்று பார்ப்பாள். சாப்பிடும்போது பார்ப்பாள், துணி மடிக்கும்போது பார்ப்பாள். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பார்த்திருக்கிறாள். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் திரும்பச் சொல்கிறாள் என்று நினைத்துத் திருப்பிவிட்டார். பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் மட்டும் பழையபடி கேட்டது. இடது கண்ணுக்குத்தான் என்று நினைத்தேன்.

மறுபடி போனபோது டாக்டரம்மா இரண்டு கண்ணையும் அளந்தார். வலது அழகாகக் குறைந்திருந்தது. இடது அப்படியே இருந்தது. "ரொம்ப நல்லா வந்திருக்கு. இடதுலயும் வெச்சிடலாம்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் கால் மேசைக்கடியில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், அது தனியா ஓட்டல," என்றாள்.

"எது?"

"நீங்க வெச்சது. வலது கண்ணுலயும் நான் தினமும் சொட்டு போட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு தைரியத்துக்கு."

அவளை அங்கேயே இரண்டு சாத்து சாத்தலாம் போல இருந்தது எனக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இனி சொட்டை நிறுத்தி, காத்திருந்து, திரும்ப அளந்து, அதற்குள் இடது கண் என்ன கதியாகுமோ?

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? சரி, இப்ப ஏன் சொல்றீங்க?"

"நான் பிரேக் போட்டுட்டு, அது ஓட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஸ்கூல் கதையை நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் தட்டியபடி யோசித்தார்.

"ரெண்டு கண்ணுக்கும் ஒரே மருந்துதானே போட்டீங்க?"

"ஒரே மருந்துதான்."

"அப்ப இடது ஏன் குறையல?"

மருந்தில்லாத வெறும் கண்ணீர்ச் சொட்டு பாட்டில் ஒன்றை அவர் எடுத்து நீட்டினார். "எங்க, எனக்கு முன்னால போட்டுக் காட்டுங்க."

அக்கா தலையைச் சாய்த்தாள். பாட்டில் கண்ணை நெருங்கியது. சொட்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால் இமை இறுக மூடிக்கொண்டது. சொட்டு இமைமேல் விழுந்து கன்னத்தில் வழிந்தது. அவள் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான்," என்றாள்.

"இன்னொரு தடவை."

அதே கதைதான். அவள் இமையிலும் ஒரு பிரேக் இருந்திருக்கிறது.

"ஒரு சொட்டுகூட உள்ள போகலைங்க. இத்தனை நாளும் கன்னத்துக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கோம். நான் இதை முதல்லயே போடச் சொல்லிப் பார்த்திருக்கணும்," என்றார் டாக்டரம்மா.

"அப்ப வலது கண்ணுல?"

"தனியாத்தான் ஓட்டியிருக்கு."

இடது கண்ணின் ஓரத்தில் போனது போனதுதான். "உங்க மாமா கேட்டப்பவே அந்த பாட்டிலைக் கொடுத்திருக்கலாம்டா," என்று சொல்லி அக்கா அழுதாள். அன்றிலிருந்து துகள் வைக்கும் நாள் வரை இடது கண்ணுக்கு மாமாதான் இமையைப் பிடித்துச் சொட்டு போட்டார்.

அந்தக் கண்ணிலும் துகளை வைத்த அன்று, பார்வை மங்கலாக இருந்ததால், அவள் கொண்டுவந்திருந்த ஸ்கூல் காரை வீட்டுக்கு நான் ஓட்ட வேண்டியதாயிற்று. அவள் பக்கத்து சீட்டில், தன் பிரேக்குக்கு நேராக உட்கார்ந்தாள். கிளம்பும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

ஒரு திருப்பத்தில் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. வழக்கம்போல வண்டி தானாக நிற்கும் என்று இருந்துவிட்டேன். நிற்கவில்லை. பதறிப்போய் மிதித்தேன். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

அக்காவைப் பார்த்தேன். கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தாள். கால் மடக்கியபடியே இருந்தது.

"லேட்டு," என்றாள். "ஆனா நீதான் போட்ட. ஓட்டு."