அழுக்குப் பூசிய கல் பங்களா

ஓமானில், சோஹாரில் நான் கொத்தனாராக வேலை பார்த்த வீடுகளிலேயே மட்டமான வீடு அதுதான். ஓமானி முதலாளி ஒருவர் இங்கிலாந்தில் ஒரு பழைய கல் பங்களாவைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி கடற்கரையோரம் தனக்கும் வேண்டும் என்றார். பனி வழுக்கி விழ வசதியாகச் செங்குத்தான கூரை. சோஹாரில் பனியை யார் கண்டது? கூரைமேல் வரிசையாகப் புகைபோக்கிகள். கீழே ஒரு கணப்புகூடக் கிடையாது. கான்கிரீட் சுவரில் இரண்டு விரல் தடிமனுக்குக் கல்லை ஒட்டிவிட்டு, அதற்குப் பெயர் கல் வீடாம். ஜன்னல்களைக் கல் சட்டம் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து வெளிச்சத்தைக் கெடுத்தார்கள். பிறகு பகலிலேயே லைட் போட்டார்கள்.

இது போதாதென்று, கல் புதிதாகத் தெரியக்கூடாது என்றார் வெள்ளைக்கார டிசைனர். முந்நூறு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற மாதிரி இருக்க வேண்டுமாம். கல்லின் முனைகளைத் தட்டி உடைத்தேன். பால் ஊற்றாத சுலைமானி டீயில் கரித்தூளைக் கலந்து பூசினேன். பாசி பிடிக்கட்டும் என்று லபன் மோரைத் தெளிக்கச் சொன்னார். அந்த வெயிலில் பாசியா வரும்? ஈ வந்தது.

எனக்கோ மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டை ஒப்படைத்த பிறகுதான் லீவு என்று கம்பெனி சொல்லிவிட்டது. எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் வராது.

ஒப்படைக்கிற நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. எங்கள் ஃபோர்மேன் கடைசி வாரத்தில்தான் வேறு சைட்டிலிருந்து வந்தவர், மன்னார்குடிக்காரர். எந்த வீடானாலும் சாவி கொடுக்கும் முன் மேலிருந்து கீழ்வரை கழுவிவிடுவது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை ஆள் வைத்து, சோப்புப் போட்டு ஜெட் தண்ணீர் அடித்திருக்கிறார்.

"அண்ணே, என்ன பண்ணிட்டீங்க? அது அழுக்கு இல்லண்ணே."

"பின்ன என்னய்யா?"

"டிசைனு."

"அடக் கருமமே! முன்னாடியே சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் துப்பிட்டுப் போயிருப்பேனே."

டிசைனர் வந்தார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது. மறுபடியும் பூசு, இரண்டு வாரம் ஆனாலும் சரி என்று கத்தினார். இரண்டு வாரத்தில் என் மகள் கல்யாணமே முடிந்துவிடும்.

அதற்குள் வீட்டு முதலாளியின் கார் வந்து நின்றது. டிசைனர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். முதலாளி காதில் வாங்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்து, "ஜெய்ன், ஜெய்ன்", நல்லாயிருக்கு என்று அரபியில் சொல்லிச் சிரித்தார். போன தடவை பார்த்தபோது ஒரே கறையாக இருந்தது, கம்பெனிக்காரர்கள் எதையோ கொட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று ஹிந்தியில் சொன்னார். சாவியை வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். கலாஸ், வேலை முடிந்தது.

டிசைனர் உடனே, "எஸ், எஸ், ஃப்ரெஷ் லுக்" என்றார். முந்நூறு வருஷமும் ஒரு நொடியில் போய்விட்டது.

ஃபோர்மேன் அங்கேயே கம்பெனி இன்ஜினியரைப் பிடித்தார். "சார், சாவி குடுத்தாச்சு. இந்தாளு பொண்ணுக்குக் கல்யாணம். இன்னிக்கே லீவைப் போட்டுவிடுங்க." இன்ஜினியர் தலையாட்டினார்.

டிசைனர் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். நான் பார்க்காத மாதிரி கேம்ப் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.