சத்தம் போட்டா நட்சத்திரம் இல்லை

மூண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறது பெரிய வேலையில்லை. அதுகளை இருத்தி வைக்கிறதுதான் வேலை. இந்தத் தொழிலில மாட்டுப்பட்டிருக்கிற டீச்சர்மாரே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தடியில, ஜன்னலைத் திறந்தா கப்பல் தெரியிற வகுப்பில, முப்பத்திரண்டு பேரோட நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். தொண்டைத் தண்ணி வத்தினாப் பிறகு ஒரு யோசனை வந்திச்சு. நல்லா நடக்கிற பிள்ளைக்குச் சுவர் அட்டையில தங்க நட்சத்திரம். வியாழக்கிழமை ஆருக்குக் கூட இருக்கோ, அவர் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுற மணி அடிக்கலாம். எங்கட மணி, மாமரத்தில தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. காலமை, இடைவேளை, விடுற நேரம் மட்டும்தான் இரும்புத் தடியால அடிக்கிறது. அதை அடிக்க ஆசைப்படாத பிள்ளை இங்க இல்லை.

ஒரு தும்புத்தடி, ஐஞ்சு பேர்

வகுப்பைக் கூட்டினா நட்சத்திரம் எண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அடுத்த நாள் நான் வரேக்க ஐஞ்சு பேர் ஒரு தும்புத்தடியை இழுபறிப்படுகினம். தும்பு ஒருத்தன்ர கையில, தடி இன்னொருத்தன்ர கையில. ஐயோ கடவுளே! வகுப்பு துப்புரவாத்தானே கிடக்கு, குப்பை எங்கயடா எண்டு கேட்டன். முன்வாங்குக் கவின் கடதாசியைக் கிழிச்சு நிலத்தில தூவிக்கொண்டே சொன்னான்: "கொஞ்சம் பொறுங்கோ டீச்சர், இப்ப குப்பை வந்திரும்."

உண்மை சொல்லுற வரிசை

சரி, இனி உண்மை சொல்லுற பிள்ளைக்கு நட்சத்திரம் எண்டன். பக்கத்தில இருந்தவன்ர தண்ணிப் போத்தலை ஒளிச்சது தான்தான் எண்டு கவின் எழும்பிச் சொன்னான். சந்தோசம் தாங்கேலாமல் உடன ஒண்டு ஒட்டிவிட்டன்.

பத்து நிமிசத்தில என்ர மேசைக்கு முன்னால பெரிய வரிசை. நுள்ளினவை, இடிச்சவை, மற்றவன்ர அழிறப்பரைக் கடிச்சவை. கடைசியில திரும்பவும் கவின். "நீ என்னடா செய்தனி?" எண்டு கேட்டன். "இன்னும் செய்யேல்ல டீச்சர். என்ர முறை வாறதுக்குள்ள செய்துபோடுவன்."

ஷிபானாவின்ர குரல்

கடைசியா, மெதுவாக் கதைச்சா நட்சத்திரம், சத்தம் போட்டா ஒண்டு கழட்டுவன் எண்டு சட்டம் போட்டன். அதில அகப்பட்டவள் ஷிபானா. எழுத்தும் அழகு, மற்றப் பிள்ளையளுக்கு உதவியும் செய்வாள். ஆனா "தண்ணி குடிக்கப் போகட்டா?" எண்டு அவள் கேட்டா, ஐஞ்சாம் வகுப்புப் பிள்ளையளும் "போ" எண்டுதுகள். காலமை ஒட்டினதை மத்தியானம் கழட்டிக் கழட்டி, வியாழக்கிழமை அவளுக்கு ஒண்டும் மிஞ்சேல்ல. மணி கவினுக்குப் போச்சு.

ஷிபானா அழேல்ல. மாமரத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். ஏனம்மா, கொஞ்சம் மெதுவாக் கதைக்க ஏலாதா எண்டு கேட்டன். வாப்பா கனகாலமா இஞ்சின் போட்டில மீனுக்குப் போறவராம். "அந்த இரைச்சலில வாப்பாட காது மந்தமாப் போச்சு டீச்சர். மெதுவாக் கதைச்சா, விளங்கின மாதிரிச் சிரிச்சிட்டுப் போயிருவார்."

தடி எங்க?

எனக்கு வெக்கமாப் போச்சு. என்ர சட்டம் நல்ல பிள்ளையைத்தானே தண்டிச்சது! ஆனா கவினுக்குக் குடுத்த வாக்கையும் மாத்தேலாது. வெள்ளிக்கிழமை ஒண்டரைக்கு மாமரத்தடிக்குப் போனா, தண்டவாளம் தொங்குது, தடியைக் காணேல்ல. கவின் முழிச்ச முழியில விளங்கிட்டு. வேற ஆரும் அடிச்சுப்போடுவினம் எண்டு பயந்து, இடைவேளை முடிஞ்ச கையோட தடியைத் தூக்கி, சாப்பாடு கொண்டுவந்த அம்மான்ர பையுக்குள்ள ஒளிச்சிருக்கிறான். அம்மா அதோட வீட்ட போயிட்டா!

கல்லால தட்டினம். அதிபர் கந்தோர்க் கதவுத் திறப்புக் கோர்வையால தட்டினார். டக் எண்டதோட சரி. வாசலில வான்காரர் ஹோர்ன் அடிக்கினம், கவின் ஓவெண்டு அழுறான். ஷிபானா என்ர சீலையைப் பிடிச்சிழுத்து, முதல் தரமா மெதுவாக் கேட்டாள்: "டீச்சர், நான் சொல்லட்டா?" "ஓம் மகள், கத்து!" எண்டன்.

"பள்ளிக்கூடம் விட்டாச்சேய்!" எண்டு போட்டாள் பாருங்கோ ஒரு சத்தம்! காகங்கள் பறக்க, எல்லா வகுப்பும் வெளிய ஓடி வந்திட்டு. நான் கைதட்டினன், கவினும் அழுகையை விட்டிட்டுக் கைதட்டினான். அவளைக் கூட்டிக்கொண்டு போக வாசலுக்கு வெளிய நிக்கிற வாப்பா, பிள்ளையள் வெளிய வாறதைப் பாத்துத்தான் பள்ளிக்கூடம் விட்டதை அறியிறவர். அண்டைக்கு எல்லாரையும் முந்தி வாசலால உள்ள வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், இந்தப் பள்ளிக்கூடத்து மணி எனக்கு இண்டைக்குத்தான் கேட்டிச்சு."

இப்ப என்ர அட்டையில மெதுவாக் கதைக்கிறதுக்கு ஒரு நட்சத்திரம், சத்தமாக் கதைக்கிறதுக்கும் ஒரு நட்சத்திரம். பக்கத்து வகுப்பு டீச்சர்தான் என்னோட கதைக்கிறதையே விட்டிட்டா.