மடக்குக் கத்திக்குப் புதுப் பிடி

காலை ஐந்து பத்து. கொல்லைத் தாழ்வாரத்தில் நான் முதலில் பார்த்தது, துளசிக் கூடையின் மேல் மூன்று சிவப்புப் பொட்டுகள். அதற்கு அடுத்துத்தான் மாமாவின் இடது கட்டைவிரல் கண்ணில் பட்டது. வேட்டி நுனியால் அதை அழுத்திப் பிடித்திருந்தார். வழக்கம்போல் மூக்கையும் வாயையும் மறைத்துத் துண்டு கட்டியிருந்தார். மடக்குக் கத்தி திறந்தபடி ஈரத் தரையில் கிடந்தது.

மாமா என் மனைவியின் அப்பா. ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய சன்னிதிக்குத் தினமும் விடியலில் பூமாலை கட்டிக் கொடுப்பது அவருடைய கைங்கர்யம். நான் திருச்சியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் அவர் வீட்டில்தான் இருந்தோம்.

ரத்தம் பட்ட பூ பெருமாளுக்கு ஆகாது. கூடை முழுவதையும் தென்னை மரத்தடியில் கொட்டினார். அன்று சன்னிதிக்கு மாலை போகவில்லை.

எட்டு மணிக்கு அவருடைய சித்தப்பா பிள்ளை வந்தார். நான்கு வீடு தள்ளி இருப்பவர். செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது.

"அண்ணா, மார்கழி ஒண்ணாம் தேதிலேந்து நான் பாத்துக்கறேன். கை இப்படி இருக்கச்சே எதுக்குச் சிரமம்? நீங்கோ நிம்மதியா ஒக்காந்து சேவிச்சிண்டிருங்கோ."

"மார்கழிக்கு இன்னும் இருபது நாள் இருக்கே. அதுவரைக்கும் கையால கிள்ளின துளசி போறும்" என்றார் மாமா.

மாலை கட்டுகிறவர் தன் கையாலேயே நாரையும் காம்பையும் வெட்ட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். வெட்ட முடியாதவரிடம் கைங்கர்யம் நிற்காது. இது இருவருக்கும் தெரியும்.

மாமாவின் வலது கை விரல்கள் கணுக்களில் வீங்கியிருந்தன, முழுதாக மடங்கவில்லை. கத்தியின் பிடியோ சுண்டுவிரல் கனம்தான். வாழைநார் ஊறும் தண்ணீரில் கை எந்நேரமும் நனைந்திருப்பதால், பிடி உள்ளங்கைக்குள் சுழன்றது. வேறு கத்தி வாங்கலாமே என்றேன்.

"இந்த அலகு முப்பது வருஷமா என் கைக்குப் பழகினது மாப்பிள்ளை. இடுப்புல செருகிண்டு நந்தவனத்துக்குப் போகணும், அதனால மடக்கறதாவும் இருக்கணும். கையை மாத்த முடியாது. பிடியை மாத்துங்கோ."

அன்று மத்தியானம் காவிரிக் களிமண் ஓர் உருண்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடக்கி அழுத்தினார். நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த அந்த மண்ணைக் காயவைத்து, கத்தியோடு டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் பஸ்ஸில் பாலக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு பாய், கத்திகளுக்குப் பிடி போட்டுக் கொடுப்பவர்.

டிபன் பாக்ஸைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்ல சண்டையா? மண்ணக் கட்டிக் குடுத்துட்டாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, மண்ணை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சாக்கை விரித்துப் பிடி செய்யும் துண்டுகளைப் போட்டார். மான் கொம்பை அவரே எடுத்து ஓரம் வைத்தார். "கை வழுக்காது, முதல் தரம். ஆனா உங்க வீட்டுக்கு ஆகாது." பித்தளையை நனைந்த கையால் பிடித்துப் பார்த்தேன், வழுக்கியது. கெட்டி ரப்பரான கறுப்பு எபோனைட் வழுக்கவில்லை. ஆனால் இரண்டு நிமிடம் கைச்சூடு பட்டதும் கந்தக நெடி அடித்தது. ஈட்டி மரம் நன்றாக இருந்தது, ஆனால் அந்தக் கனத்துக்குத் துண்டு இல்லை.

நான் சந்தனம் கேட்டேன். பெருமாள் காரியத்துக்கு அதைவிட உயர்ந்தது எது என்று நினைத்தேன். பாய் தலையைச் சொறிந்தார்.

"வாசம் வருமே சார், பரவாயில்லையா?"

"அதுக்குத்தானே" என்றேன்.

ஏழு நாளில் சந்தனப் பிடி தயாரானது. மண்ணில் இருந்த பள்ளங்கள் மரத்தில் அப்படியே இருந்தன. மாமா கத்தியைக் கையில் வாங்கினார், விரல்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. ஒரு நாரை வெட்டினார். சுத்தமாக வெட்டுப்பட்டது. பிறகு கத்தியை மடக்கி என்னிடமே நீட்டினார்.

"பிடி பிரமாதம். இது எனக்கு வேண்டாம்."

"ஏன் மாமா?"

"பெருமாள் வாசனை பாக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கப்படாதுன்னுதானே மூக்கைக் கட்டிண்டு ஒக்காந்திருக்கேன்? இது துண்டையும் தாண்டி வரது. நார்ல வேற ஏறும்."

அவர் மூக்கைக் கட்டுவதை நான் ஆறு வருடமாகப் பார்த்திருக்கிறேன். பூவில் எச்சில் தெறிக்காமல் இருக்க என்றே எண்ணியிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஊர்ல இருக்கறவாளை எல்லாம் கேள்வி கேக்கறேள். ஆத்துல இருக்கறவரை ஒண்ணு கேக்கத் தோணலியா?"

மார்கழிக்கு ஒன்பது நாள் இருந்தது. அடுத்த பஸ்ஸில் மறுபடி பாலக்கரைக்குப் போனேன். வாசனையே இல்லாத மரம் வேண்டும், ஈரத்திலும் வாசனை வரக்கூடாது என்றேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, பலா, வாகை, புளி மூன்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து வெவ்வேறு குவளைத் தண்ணீரில் போட்டார். "நாளைக்கு வாங்க. நீங்களே மோந்து பாருங்க. என் மூக்கு பீடி மூக்கு, நம்பாதீங்க."

மறுநாள் மூன்று குவளைகளையும் முகர்ந்தேன். பலாவில் லேசான இனிப்பு வாசனை. வாகைத் தண்ணீர் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. புளியங்கட்டை கிடந்த குவளையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஆனால் கறிக்கடைக் கட்டையும் புளிதான் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை கேள்வியைக் கேட்டேன்.

"இது எங்கேருந்து வந்தது பாய்?"

"மருங்காபுரிப் பக்கம் வெட்டின மரம். ஆசாரிமாருக்கு மரச் சுத்தி, கொட்டாப்புளி செய்ய வாங்கினது. கறிக்கடை வாசல்கூட மிதிக்கல சார். போதுமா? எழுதிக்கிறீங்களா?"

சந்தனத்தைக் கழற்றினார். வைரம் பாய்ந்த புளி அரத்துக்கு மசியவில்லை; இரண்டு அரம் மழுங்கியது. எண்ணெய் பூசவேண்டாம் என்றேன், அதுவும் வாசனைதான். வெறும் கட்டையையே கண்ணாடித் துண்டால் சுரண்டி மழமழப்பாக்கி, விரல் பதியும் இடங்களை மட்டும் சொரசொரப்பாக விட்டார். ஆறு நாள் ஆனது.

மாமா புதுப் பிடியைத் தண்ணீரில் முக்கினார். துண்டை இறக்கிவிட்டு முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். மரம் எது, எங்கே வெட்டியது என்று கேட்டார். பாய் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். துண்டை மூக்குக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டார். மார்கழிக்கு மிச்சமிருந்த இரண்டு நாளும் ஒரு மணி நேரம், வெறும் நாரை எடுத்துவைத்துக்கொண்டு வெட்டிப் பழகினார்.

மார்கழியில் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால். முதல் நாள் நாலு பத்துக்கு நான் தாழ்வாரத்துக்கு வந்தபோது, மாமாவின் எதிரில் சித்தப்பா பிள்ளை குளித்து, திருமண் இட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் அவருடைய கத்தி செருகியிருந்தது. மாமா நாரை எடுத்தார். வெட்டினார், கட்டினார், வெட்டினார். நடுவில் இரண்டு முறை கையை உதறிக்கொண்டார். கத்தி கீழே விழவில்லை. ஆறு முழ மாலை முடிந்ததும் கத்தியை மடக்கினார்.

"அண்ணா, அந்தப் பிடி என்ன மரம்?"

"புளி."

நாலு ஐம்பதுக்குக் கூடை சன்னிதிக்குப் புறப்பட்டது. தூக்கிக்கொண்டு போனவர் சித்தப்பா பிள்ளை, இடுப்புக் கத்தியைத் திறக்காமலே.