மூன்றாம் பொருத்து

கனடாவின் விட்பி நகரில் உள்ள ஒரு விளையாட்டு மண்டபத்தில் நான் பராமரிப்பாளனாகப் பணியாற்றிய காலத்தில், என் கைகளுக்கு மிக நன்கு பழகிப்போன பொருள் ஒரு கம்பளம். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பெண்பிள்ளைகள் அதன்மீது நின்றுதான் வளையமும் பந்தும் ரிபனும் எறிந்து பிடிப்பார்கள். கூடைப்பந்து ஆடுவோர் வெளியேறியதும் ஏழு சுருள்களைக் களஞ்சிய அறையிலிருந்து தள்ளிக் கொணர்ந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்து, அவை பொருந்தும் கோடுகளான பொருத்துகளின்மேல் டேப் ஒட்டுவேன். பயிற்சி முடிந்ததும் அனைத்தையும் சுருட்டி வைப்பேன். ஆறு சுருள்கள் ஒரே அகலமுடையவை. ஏழாவது அவற்றிற் பாதி. அதனை எப்போதும் வலது கரையிற் போடுவேன். அவ்வாறு செய்யுமாறு எவரும் பணித்ததில்லை. முதல் நாள் அப்படி விழுந்தது, பின்னர் அதுவே வழக்கமாயிற்று.

வீடிருந்த வோபர்னிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மறுபடி பஸ்ஸுமாக வந்து சேரும்போதே என் முழங்கால்கள் அன்றைய வேலையை முடித்துவிட்டவைபோல் இருக்கும். வரவேற்பு மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளை என்னைச் சீண்டுவதற்கு அந்த நேரத்தையே தெரிவு செய்வாள்.

"அங்கிள், வீட்டில அன்ரிக்கு ஒரு பாய் விரிச்சுக் குடுத்திருக்க மாட்டியள். இஞ்ச நாளுக்கு ஏழு விரிக்கிறியள்."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லாதபடியால் நான் நேரே களஞ்சிய அறைக்குப் போய்விடுவேன்.

ஓர் இலையுதிர் காலத்தில் பல்கேரிய நாட்டுப் பெண் ஒருத்தி குழுவில் வந்து சேர்ந்தாள். வயது பதினெட்டு. தாய் பக்கத்து நகரான ஒஷாவாவில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பஸ் நேரம் ஒத்துவராமையால் அவள் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்துவிடுவாள். சும்மா இருக்க அறியாதவளாகையால், சுருளின் மறுமுனையைப் பிடித்துத் தள்ள வந்தாள். வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் என் முதுகு எனக்காகச் சம்மதித்தது. என்னை அவள் 'மிஸ்டர் கார்பெட்' என்று அழைத்தாள். ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் இரவல் மொழி. அதனால் பேச்சு குறைவு, பேசியது தெளிவு.

சிறிது சிறிதாக அவள் கதை எனக்குத் தெரிய வந்தது. ஐந்து வயதில் தொடங்கியவள். பதினான்கு வயதில் வீட்டை விட்டுத் தலைநகருக்கு அனுப்பப்பட்டு, விடுதியில் தங்கிப் பயின்றவள். காலையில் எடை பார்ப்பார்கள். பின்னர் மாலைவரை ஒரே இரண்டரை நிமிட ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். குழுவில் கம்பளத்தில் நிற்பவர் ஐவர். எவருக்கேனும் காயம் ஏற்பட்டால் இடத்தை நிரப்புவதற்கு ஆறாவதாக ஒருத்தி இருப்பாள். அந்த ஆறாவது பெண் இவள். அதே உடை, அதே கொண்டை, அதே முகப்பூச்சுடன் ஓரத்து வாங்குப் பலகையில் மூன்று ஆண்டுகள் அமர்ந்திருந்தாள். ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை.

"ஐந்து பேருடைய இடமும் எனக்குத் தெரியும். ஒன்றுகூட என்னுடையதல்ல," என்றாள் ஒரு நாள், டேப்பைப் பல்லால் கிழித்தபடி.

விட்பியில் ஒரு பெண் பல்கலைக்கழகம் சென்றதால் ஐவரில் ஓர் இடம் காலியாயிற்று. அதற்கு இவளை எடுத்தார்கள். வசந்த காலத்தில் எங்கள் மண்டபத்திலேயே போட்டி. அதில் ஒரு தடவை ஐவரில் ஒருத்தியாக நின்றுவிட்டு நிறுத்திவிடப் போவதாகச் சொன்னாள். ஓய்வுபெறும் நாளை எண்ணும் என் வயதினர் பேசும் அதே குரலில், பதினெட்டு வயதில், 'பிறகு போதும்' என்றாள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அவள் வேலை செய்யத் தொடங்கி அப்போது பதின்மூன்று ஆண்டுகள்.

பனி உருகத் தொடங்கிய மாதத்தில், களஞ்சிய அறையில் அவள் தனியே அமர்ந்து இடது பாதத்தில் டேப் சுற்றுவதைக் கண்டேன். நான் கம்பளத்துக்கு ஒட்டும் டேப் அது. பாதத்தின் மேற்புறம் வீங்கியிருந்தது. ஆட்டத்தின் நடுவே அவள் பாய்ந்து வந்து அந்தக் காலை ஊன்றும் இடத்தில் மூன்றாம் பொருத்து இருந்தது. பழைய சுருள்களின் விளிம்பு அங்கே புடைத்து எழும்பியிருந்ததை நான் அறிவேன். ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டாள். நான் தலையசைத்தேன்.

வரவேற்பு மேசைப் பிள்ளையிடம் மட்டும் பெயர் குறிக்காமல் ஆலோசனை கேட்டேன். அவள் உடனே விளங்கிக்கொண்டாள்.

"கோச்சிட்டச் சொல்லுங்கோ அங்கிள். உது உங்கட பிரச்சினை இல்லை."

"சொன்னால் அவளின்ர இடம் போயிடும், பிள்ளை."

"சொல்லாட்டி கால் போயிடும். ஓகே?"

நான் பயிற்றுநரிடம் சொல்லவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. எனக்குக் கம்பளந்தான் தெரியும். ஆதலால் கம்பளத்தை மாற்றினேன். ஒரு திங்கட்கிழமை, அவள் வருமுன்னரே, பாதிச் சுருளை வலது கரையில் அல்லாது இடது கரையில் விரித்தேன். இடமிருந்து எண்ணினால் பொருத்துகள் யாவும் ஓர் எட்டுத் தூரம் இடப்புறம் நகர்ந்தன. மொத்த அளவு மாறவில்லை. எவருக்கும் தெரிய நியாயமில்லை. அவள் காலூன்றும் இடம் இப்போது சமதளமாயிற்று. நெடுநாட்களின் பின் ஒரு வேலையைச் செவ்வனே செய்த திருப்தியோடு ஓரத்தில் நின்றேன்.

இசை தொடங்கியது. ஒருத்தி பின்னே பாராமலே வளையத்தைத் தலைக்கு மேலால் எறிய வேண்டும். எங்கள் பெண் பாய்ந்து வந்து, முகத்தை உயர்த்திப் புன்னகைத்தபடியே அதைப் பிடிக்க வேண்டும். வளையம் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. அவள் அதற்கு ஓர் எட்டு இடப்புறம் நின்றாள். எட்டிப் பிடிக்க உடலைத் திருப்பினாள், கால் மடிந்தது. மற்ற நால்வரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. குழுவில் நிறுத்தக்கூடாது என்பது விதி. பயிற்றுநர் இசையை அணைத்த பின்னர்தான் அவர்கள் நின்றார்கள். அவள் முழந்தாளில் இருந்தபடி கம்பளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பாதத்தின் எலும்பில் வெடிப்பு. அது வாரக்கணக்கில் பழையது என்று படம் எடுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். இடம் ஆறாவது பெண்ணுக்குச் சென்றது.

நான் பயிற்றுநரிடம் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவரும் பல்கேரிய நாட்டவரே. இங்கே வந்து தலை நரைத்தவர். "கால் ஏற்கெனவே உடைந்திருந்தது. உன் கம்பளம் உடைக்கவில்லை," என்று மட்டும் கூறிவிட்டுத் தம் குறிப்பேட்டைத் திருப்பினார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வோபர்ன் வந்து சேரும்வரை ரயிலிலும் பஸ்ஸிலும் அதே வாக்கியத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்; ஆறுதல் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் பாதத்தை அசையாமல் பிடிக்கும் பெரிய மருத்துவச் சப்பாத்துடன் வந்தாள். வழக்கம்போல் ஒரு மணி நேரம் முந்தி. நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தினாள்.

"தெரியும். வளையம் எனக்கு வலப்புறம் விழுந்தபோதே தெரியும்."

பிறகு அவள் விளக்கினாள். மற்ற நால்வரும் பல ஆண்டுகளாக ஒன்றாக ஆடியவர்கள்; கரைகளையும் பக்கத்தில் நிற்பவர்களையும் கொண்டே தங்கள் இடத்தை அறிவார்கள். இவள் இடையில் வந்தவள். தலை குனிந்து பார்க்கவும் கூடாது. ஆகவே மூன்றாம் பொருத்தைக் காலால் தேடி அங்கே நின்றாள். வலித்தால் இடம் சரி.

என் செயலால் அவளுக்கு வலியும் குறையவில்லை. மாறிய பொருத்தின்மேலேயே அன்றும் அவள் காலை ஊன்றியிருக்கிறாள்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"முதல் இரண்டு நாள் நித்திரை கொண்டேன். கோபப்பட வேண்டும் என்று எழும்பினேன். திரும்பவும் நித்திரை வந்துவிட்டது."

போட்டியன்று காலை சுருள்களைக் கொணர்ந்தேன். அவள் குழுவின் உடையில், ஒரு காலில் சப்பாத்துடன், கொண்டை போட்டு, முகம் பூசி வந்திருந்தாள். மீண்டும் ஆறாவது. பாதிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கரையிற் போடுவது என்று அவளிடம் கேட்டேன். அதுவரை நான் எவரிடமும் கேட்டிராத கேள்வி.

"வலது," என்றாள். "என் இடத்தில் ஆடும் பிள்ளைக்கும் பொருத்தைத்தான் அடையாளமாகக் காட்டியிருக்கிறேன்."

வலது கரையில் விரித்தேன். மூன்றாம் பொருத்தின் புடைப்பின்மேல் அவள் குனிந்து டேப்பை ஒட்டினாள். போதாதென்று இன்னொன்றும் ஒட்டினாள். நல்ல காலை அதன்மேல் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பின்னர் ஓரத்து வாங்கிற்குப் போய் அமர்ந்தாள். நானும் அங்கே போனேன். அவள் தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். நான் பக்கத்தில் அமர்ந்தேன்.